சாத்தான்குளம் ரேவதி: ஒரு ஏட்டம்மாவின் கையெழுத்து

பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிறு கட்டி பாக்கெட் நாவல்களைத் தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. சிவகாசியில் எம். புதுப்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பாதி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் மீதி என்று படித்து முடித்துவிடலாம். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று இந்த ஜோடிகளை அறியாத வாசகர்கள் அப்போது குறைவு. இந்தக் கதாநாயகிகள் புத்திசாலிகள், துணிச்சல்காரிகள், எல்லாம் சரிதான். ஆனால் ஒரு வழக்கைத் துப்புத் துலக்குவதால் அவர்கள் வேலையையோ வீட்டையோ இழக்க வேண்டி வந்ததாகப் படித்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் வெளியாள். கடைசி அத்தியாயத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும், விலங்கு மாட்டும், கதை முடிந்துவிடும்.

போலீஸ் வந்து ஒருவரை அழைத்துப் போவதில்தான் கதையே தொடங்குகிறது என்றால்? கதாநாயகியும் அதே ஸ்டேஷனில், அதே காக்கி உடுப்பில் இருந்தால்? எந்த நாவலாசிரியரும் எழுதாத அந்தக் கதை 2020-ம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நிஜமாகவே நடந்தது. அதன் நாயகி பெயர் ரேவதி. பதவி, தலைமைக் காவலர். ஊர் வழக்கில் சொன்னால் ஏட்டம்மா.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

அது கொரோனா ஊரடங்குக் காலம். கடைகளை இத்தனை மணிக்குள் அடைத்தாக வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. 2020 ஜூன் 19 அன்று இரவு, சாத்தான்குளம் காமராஜர் சிலை அருகில் செல்போன் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜெயராஜைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள். 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அப்பாவைத் தேடி 31 வயது மகன் பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இருவரும் அன்று இரவு வீடு திரும்பவில்லை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், கலைந்து போகச் சொன்னபோது தகாத வார்த்தை பேசித் தரையில் உருண்டு புரண்டார்கள், அதனால் உட்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறகு வெளியே வந்தபோது அதில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை!

மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று வாங்கி, நீதித்துறை நடுவரிடம் ரிமாண்டு பெற்று, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் இருவரும் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு பென்னிக்ஸ் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார். அடுத்த நாள் அதிகாலை ஜெயராஜும் இறந்தார்.

சிவகாசிப் பக்கத்து மக்களுக்குக் கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, கடலை மிட்டாய். அந்த ஊர்ப் பெயர் ஒரே வாரத்தில் வேறொரு காரணத்துக்காக நாடு முழுவதும் பேசப்பட்டது. வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர் அந்த அமர்வில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சட்டப் பிரிவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால், போலீஸே விசாரித்துப் போலீஸே அறிக்கை கொடுப்பது போதாது. நீதித்துறை நடுவர் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று 2005-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கணக்கு எழுதியவரையே தணிக்கையாளராகவும் போட முடியாது அல்லவா? அதே நியாயம்தான். இருவரும் இறந்தது கோவில்பட்டியில் என்பதால் விசாரணைப் பொறுப்பு கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசனிடம் வந்தது. சிறை, மருத்துவமனை, குடும்பத்தார் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், ஜூன் 28 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு நேரில் போனார். த்ரில்லர் என்று சொல்லத்தக்க பகுதி இதுதான்.

அன்று நடந்ததை அவரே உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக எழுதி அனுப்பினார். மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அறிக்கை அது. மாவட்டத்தின் உயரதிகாரிகள் இரண்டு பேர் ஸ்டேஷனில் இருந்தும் ஒத்துழைப்பு இல்லை. கேட்ட ஆவணங்கள் ஒழுங்காக வந்து சேரவில்லை. சம்பவத்தன்று இரவின் கேமராப் பதிவைக் கேட்டால் அது இல்லை. ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள்! லத்திகளைக் கொண்டுவரச் சொன்னால் காதில் விழாதது போல நின்றார்கள். ஒரு காவலர் லத்தியைக் கொடுக்காமல் சுவர் ஏறிக் குதித்து ஓடியே போனார். இன்னொரு காவலர், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில், நடுவரை ஒருமையில் கேவலமாகப் பேசினார். பேசியது யாரோ தெருவில் போகிறவரைப் பார்த்து அல்ல. உயர் நீதிமன்ற உத்தரவோடு வந்திருந்த ஒரு நடுவரைப் பார்த்து.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ரேவதி சாட்சி சொல்ல உட்கார்ந்தார்.

ஜூன் 19 இரவு அவரும் அங்கே பணியில் இருந்தார். ஜெயராஜையும் பென்னிக்ஸையும் விடிய விடிய லத்தியால் அடித்தார்கள் என்றார். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அதை அவர்கள் அழித்துவிடக்கூடும், உடனே கைப்பற்றுங்கள் என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பயத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிற சாட்சி இப்படிப் பேசமாட்டார். தடயம் என்றால் என்ன, அது எப்படி மறையும் என்று தெரிந்த ஒரு போலீஸ்காரரின் பேச்சு இது. வருடக்கணக்கில் அந்தத் துறை அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அன்று அந்தத் துறைக்கு எதிராகவே பயன்படுத்தினார்.

பயம் இல்லாமல் சொன்னார் என்று யாரும் எழுதவில்லை. மிகுந்த பயத்தோடுதான் சொன்னார் என்று நடுவரின் அறிக்கையே சொல்கிறது. வெளியே மரத்தடியில் கூடி நின்ற சக போலீசார் மிரட்டும் தோரணையில் இருந்தார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்க முயன்றதால் நீதிமன்ற ஊழியர்களை வெளியே காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள், ஒரு போலீஸ்காரம்மா சாட்சி சொல்ல, போலீஸிடமிருந்து காப்பாற்ற கோர்ட்டு ஊழியர் காவல்! இதை நாவலில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சொல்லி முடித்த பிறகும் அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. வாயால் சொல்வது வேறு, கீழே கையெழுத்து இடுவது வேறு என்று எந்த ஏட்டுக்கும் தெரியும். எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கி வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். உங்கள் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யப்படும் என்று நடுவர் எடுத்துச் சொல்லி, நெடுநேரம் கழித்துத்தான் கையெழுத்து விழுந்தது.

ஒரு ஏட்டம்மாவின் கையெழுத்துக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? இதற்குப் பதில் தேடினால் 165 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1855-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று அறிக்கை கொடுத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று வெள்ளைக்கார உறுப்பினர்கள். அப்போது வரி வசூலிப்பவர்களும் போலீஸ் வேலை பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். வரி கட்டாத குடியானவனையும் களவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டவனையும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பட்டியல் போட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் போன்ற நம்முடைய தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறின. கார்ல் மார்க்ஸ் கூட 1857-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்துக் கட்டுரை எழுதினார். அறிக்கைக்குப் பிறகு 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872-ன் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றே எழுதி வைத்தது. அதாவது ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்பது அரசாங்கத்துக்கு அப்போதே தெரியும்.

தெரிந்திருந்தும் நிரூபிக்க முடியாததுதான் சிக்கல். ஸ்டேஷனுக்குள் நடப்பதற்குச் சாட்சி யார்? அடி வாங்கியவர் இறந்துவிட்டார். மீதி இருப்பவர்கள் எல்லோரும் காக்கிச் சட்டைக்காரர்கள். சகோதரப் பாசத்தால் போலீசார் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்காமல் மௌனம் காப்பார்கள், ஆகவே காவல் மரண வழக்குகளில் நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது என்று உச்ச நீதிமன்றமே 1995-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் வருத்தப்பட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1985-ல், சட்ட ஆணையம் தன் 113-வது அறிக்கையில் ஒரு வழி சொன்னது. காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டால் காவலில் வைத்திருந்த அதிகாரிதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி பிரிவைச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டதே தவிர, அதை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை.

ஆகக் கூடி, கமிஷன், ஆணையம், உடன்படிக்கை என்று பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் செய்யாத வேலை, சாத்தான்குளத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் மனசாட்சி மேல் வந்து விழுந்தது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குகளில் பெண்கள் போராடியது புதிதல்ல. 1993-ல் முதனை கிராமத்து ராசாக்கண்ணு வழக்கில் அவர் மனைவி பார்வதி விடாமல் நின்றார், அன்றைய வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். 2021-ல் வந்த ஜெய் பீம் படத்தால் அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பார்வதி ஸ்டேஷனுக்கு வெளியே நின்று கதவைத் தட்டியவர். ரேவதி உள்ளே இருந்து கதவைத் திறந்தவர். இரண்டுக்கும் தைரியம் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வகைத் தைரியம் இல்லை. வெளியே நிற்பவருக்கு எதிரி யார் என்று தெளிவாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு எதிரில் நிற்பவர்கள் நேற்று வரை கூடச் சேர்ந்து டூட்டி பார்த்தவர்கள், லீவு கேட்டால் கொடுக்க வேண்டியவர்கள்.

இங்கேதான் கசப்பான கேள்வி ஒன்று வருகிறது. ஜூன் 19-க்கும் 28-க்கும் நடுவில் ஒன்பது நாட்கள். அந்த இரவில் ஏன் தடுக்கவில்லை, மறுநாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இறந்துபோன இருவரின் குடும்பத்தின் இடத்தில் நின்று பார்த்தால் இதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் பதில் சொல்வதற்கு முன் அந்த ஸ்டேஷனின் அடுக்கைப் பார்க்க வேண்டும். மேலே ஆய்வாளர், அவருக்குக் கீழே உதவி ஆய்வாளர்கள், அதற்கும் கீழே ஏட்டு. பின்னால் சி.பி.ஐ. கைது செய்யப்பட்டவர்களின் பட்டியலைக் கொடுத்தபோது அதில் ஆய்வாளரே இருந்தார், உதவி ஆய்வாளர்களும் இருந்தார்கள். அப்படியானால் அந்த இரவில் ஒரு ஏட்டம்மா யாரிடம் போய்ப் புகார் சொல்வது? 100-க்குப் போன் செய்தால் எடுப்பதும் போலீஸ்தானே!

இன்னொன்றும் உண்டு. தமிழகக் காவல் துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1973-ல்தான். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள், அவ்வளவுதான். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனாலும் சாத்தான்குளம் மாதிரி, எம். புதுப்பட்டி மாதிரி சிறிய ஊர்களின் சாதாரணக் காவல் நிலையங்களில், இரவுப் பணியில் ஒரு பெண் ஏட்டின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று யாரும் யூகித்துக்கொள்ளலாம். இது அவர் அந்த இரவில் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பு ஆகாது. அது ஏன் நடந்தது என்பதற்கு விளக்கம் மட்டுமே. கறையே படாத நாயகி நாவலில்தான் கிடைப்பார். அந்த இரவைப் பார்த்து, ஒன்பது நாள் சுமந்து, கேட்க ஒரு சரியான ஆள் வந்து உட்கார்ந்தபோது வாய் திறந்தவர் என்பதுதான் ரேவதியைப் பற்றிச் சொல்லக்கூடிய உண்மை. அதே இரவைப் பற்றித் தெரிந்த மற்றவர்கள் மரத்தடியில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து விழுந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காவல் நிலையத்தைத் தாசில்தார் தரப்பு பொறுப்பேற்பது என்பது அதுவரை கேள்விப்படாத விஷயம். ஜூன் 30 அன்று, பிரேதப் பரிசோதனையில் தெரிந்த காயங்களையும் ரேவதியின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பார்த்தால் கொலை வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதிகள் சொன்னார்கள். சி.பி.ஐ. வந்து சேரும் வரை ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்று சி.பி.சி.ஐ.டி.யிடம் வழக்கைக் கொடுத்தார்கள். ரேவதிக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கவும் உத்தரவு போனது. ஜூலை முதல் வாரத்துக்குள் ஆய்வாளர் உட்படப் பலர் கைதானார்கள், பிறகு வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. மொத்தம் கைதானவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். செப்டம்பரில் மீதி ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. பென்னிக்ஸின் உடம்பிலிருந்து வழிந்த ரத்தத்தை அவருடைய துணியாலேயே அவரைத் துடைக்க வைத்தார்கள் என்று அதில் சி.பி.ஐ. எழுதியிருந்தது.

துடைத்த பிறகும் கறை மிச்சம் இருந்தது. ஏட்டம்மா சொன்னது போலவே.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, நாட்டில் உள்ள எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் சாத்தான்குளத்தில் கேமரா இல்லாமலா இருந்தது? கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, டிஸ்க்கில் இடமும் இருந்தது.

வழக்கு மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது ரேவதி சாட்சிக் கூண்டில் ஏறினார். இந்த முறை திறந்த நீதிமன்றம், எதிரே அவருடைய பழைய மேலதிகாரிகள், குறுக்கு விசாரணை செய்ய அவர்களுடைய வழக்கறிஞர்கள். பயத்தாலோ பணத்தாலோ சாட்சி பிறழ்வது நம் ஊர் கோர்ட்டுகளில் அன்றாடம் நடப்பது. நடுவரிடம் சொன்னதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.